நாலு கட்டடம், ஒரே கம்பெனி: யூனிட்டுகளை வயர்லெஸ்ஸில் இணைப்பது எப்படி?

(எபிசோடின் எழுத்து வடிவம். பேச்சில் திரும்பத் திரும்ப வந்த இடங்களைச் சுருக்கியிருக்கிறோம். நேயர்கள் வழக்கமாகக் கேட்கும் கேள்விகள் கடைசியில்.)

திருப்பூர்ல பனியன் கம்பெனி நடத்துறவங்க நெட்வொர்க் பத்திக் கேட்கிற கேள்வி பெரும்பாலும் ஒரே மாதிரிதான் ஆரம்பிக்கும். "ஆபீஸ்ல வைஃபை நல்லா இருக்குதுங்க. ரோட்டுக்கு அந்தப் பக்கம் கட்டிங் யூனிட், பின்னால குடோன், ரெண்டு தெரு தள்ளி செக்கிங், பேக்கிங். எல்லாத்துக்கும் ஒரே நெட்வொர்க் வரணும். பெரிய ரூட்டரா ஒன்னு வாங்கி மாட்டிட்டா ஆகுமுங்களா?"

ஆகாதுங்க. ஏன் ஆகாது, என்ன செஞ்சா ஆகும், செஞ்சதுக்கு அப்புறம் எது முதல்ல கெடும். இந்த மூணையும் இன்னைக்குப் பேசலாம்.

ஒரு பனியன் எத்தனை கட்டடம் ஏறி இறங்குது?

முதல்ல ஊரோட அமைப்பைப் பார்க்கணும். நூல் வருது. நிட்டிங்குக்குப் போகுது. அங்கிருந்து சாயப்பட்டறை. அப்புறம் காம்பாக்டிங். அப்புறம் கட்டிங், பிரிண்டிங், எம்பிராய்டரி, தையல், செக்கிங், அயர்னிங், பேக்கிங். இதுல பாதி வேலை ஜாப் ஒர்க்கா வெளியே போகும். மீதி சொந்த வேலையா இருந்தாலும் ஒரே கூரைக்குக் கீழே நடக்கிறது குறைவு.

அதுக்குக் காரணம் இருக்கு. இங்கே பல கம்பெனிகள் வீட்டை ஒட்டி நாலு மிஷின் போட்டு ஆரம்பிச்சவை. ஆர்டர் கூடும்போது பக்கத்து குடோனை வாடகைக்கு எடுப்பாங்க. இன்னும் கூடினா எதிர் வரிசையில ஒரு கட்டடம். நேதாஜி ஆயத்த ஆடைப் பூங்கா மாதிரி திட்டம் போட்டுக் கட்டின வளாகத்துல கேபிளுக்கு முன்கூட்டியே வழி விட முடியும். மங்கலம் ரோட்டுலயும் காங்கேயம் ரோட்டுலயும் துண்டு துண்டா வளர்ந்த கம்பெனிக்கு அந்த வசதி கிடையாது.

சாயத்தொழில் கதையே தனி. நொய்யல் ஆற்று மாசு வழக்கில் 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது. அதுக்கப்புறம் கழிவுநீரைத் துளிகூட வெளியே விடாம சுத்திகரிச்சால்தான் ஓட்ட முடியும்னு ஆச்சு. பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தோடு குழாயில இணைஞ்ச இடத்துலதான் பெரும்பாலான சாயப்பட்டறைகள் இருக்கு. அந்த வேலையை உங்க கட்டிங் யூனிட்டுக்குப் பக்கத்துல கொண்டு வர முடியாது.

ஆக, துணி ஊர் சுத்தும். துணியோட கணக்கும் அது கூடவே சுத்தணும். சிக்கல் அங்கேதான். கட்டிங்ல 1,200 பீஸ் வெட்டினதா நோட்டுல இருக்கும். தையல்ல 1,160 வந்ததா சொல்வாங்க. அந்த 40 பீஸ் வேஸ்ட்ல போச்சா, வழியில நிக்குதா, எண்ணுனதே தப்பான்னு கண்டுபிடிக்கிறதுக்குள்ள பேக்கிங்ல சைஸ் குறையும். கண்டெய்னர் கிளம்புற தேதி யாருக்காகவும் காத்திருக்காது. கப்பல்ல போக வேண்டிய சரக்கு விமானத்துல போனா அந்த ஆர்டர்ல வந்த லாபம் அதோட சரி.

இன்னொரு பக்கமும் இருக்கு. பீஸ் ரேட்டுல தைக்கிற டெய்லருக்கு, பண்டல் சீட்டு ஸ்கேன் ஆனாத்தான் கூலி. அந்த நேரத்துல நெட்வொர்க் படுத்துட்டா, வேலை நடந்திருக்கும், கணக்குல இருக்காது. சனிக்கிழமை சம்பளம் போடும்போது சண்டை வரும். அதனால நெட்வொர்க்கை ஆபீஸ்காரங்களுக்கான வசதின்னு மட்டும் நினைச்சுடக் கூடாது. அடுத்தவங்க கூலியும் அது வழியா ஓடுது.

கொண்டு போறது ஒரு வேலை, கொடுக்கிறது இன்னொரு வேலை

"வைஃபை"ன்னு ஒரே பேர்ல நாம சொல்றதுக்குள்ள ரெண்டு வேலை இருக்கு. ஒன்னு, ஒரு கட்டடத்துல இருந்து இன்னொரு கட்டடத்துக்கு இணைப்பைக் கொண்டு போறது. இன்னொன்னு, போய்ச் சேர்ந்த கட்டடத்துக்குள்ள போனுக்கும் டேப்லெட்டுக்கும் ஸ்கேனருக்கும் அதைக் கொடுக்கிறது.

தண்ணியை வெச்சுப் பாருங்க. பவானி ஆத்துத் தண்ணி திருப்பூருக்குப் பெரிய குழாயில வருது. வீட்டுக்குள்ள வர்றது சின்னக் குழாய். பெரிய குழாயில நேரா குடம் பிடிக்க முடியாது. சின்னக் குழாயை ஆத்துக்கே நீட்டவும் முடியாது. நெட்வொர்க்கும் அப்படித்தான்.

பெரிய ரூட்டர் ஏன் உதவாதுன்னா, பேச்சு ரெண்டு பக்கமும் நடக்கணும். ரூட்டர் சத்தமாப் பேசலாம். ரோட்டுக்கு அந்தப் பக்கம் இருக்கிற போன் அதே சத்தத்துல திருப்பிப் பேச முடியாது. அதோட ஆன்டெனா சின்னது, பேட்டரி சின்னது. அதனாலதான் போன்ல நாலு கோடு காட்டும், பக்கம் மட்டும் திறக்கவே திறக்காது.

அடுத்து எல்லாரும் செய்றது ரிப்பீட்டர். ஒரு ரிப்பீட்டர் ஒரே சேனல்ல கேட்டு அதே சேனல்ல திருப்பிச் சொல்லும்போது வேகம் கிட்டத்தட்ட பாதியாகும். அதுக்கு அப்புறம் இன்னொன்னு வெச்சா மறுபடியும் குறையும். மூணாவது கட்டடத்துக்குப் போய்ச் சேரும்போது கையில மிச்சம் இருக்காது.

கருவி வாங்குறதுக்கு முன்னாடி ஒரு தாள், ஒரு பேனா

ஒவ்வொரு கட்டடத்துக்கும் ஒரு தாள் எடுங்க. அங்கே எத்தனை கம்ப்யூட்டர், எத்தனை ஸ்கேனர், எத்தனை கேமரா, எத்தனை போன்னு எழுதுங்க. எழுதிப் பார்த்தா ஒரு விஷயம் தெரியும்.

பண்டல் ஸ்கேன், ஸ்டோர் என்ட்ரி, டெலிவரி சலான் எல்லாம் சேர்ந்தாலும் மிகக் குறைஞ்ச டேட்டாதான். பையரோட வீடியோ கால் பேசினா 2-ல இருந்து 4 எம்பிபிஎஸ். நிஜமா தின்கிறது கேமரா. ஃபுல் எச்டி கேமரா ஒன்னுக்கு 2-4 எம்பிபிஎஸ்னு வெச்சா 16 கேமராவுக்கு 32-ல இருந்து 64 எம்பிபிஎஸ். அதுவும் ராப்பகலா ஓடும்.

அதனால கேமரா ரெக்கார்டர் அந்தந்தக் கட்டடத்துலயே இருக்கட்டும். ஆபீஸ்ல இருந்து பார்க்க வேண்டிய நேரத்துல மட்டும் படம் வரட்டும். இந்த ஒரு முடிவுலயே பல கம்பெனிகளுக்குப் பாரம் கணிசமாக் குறைஞ்சிடும். மீதி இருக்கிற தேவைக்கு வேகத்தை விட நிலையா நிக்கிறதுதான் முக்கியம். 20 எம்பிபிஎஸ் நாள் முழுக்க நின்னா, 300 எம்பிபிஎஸ் வந்து வந்து போறதை விட மேல்.

கேபிளா, ஃபைபரா, ரேடியோவா?

தூரத்தை மூணாப் பிரிச்சுக்கோங்க.

ஒன்னு, ஒரே காம்பவுண்டுக்குள்ள இருக்கிற கட்டடங்கள். இங்கே ஃபைபர்தான் முதல் தேர்வு. சாதாரண நெட்வொர்க் கேபிள் 100 மீட்டருக்கு மேல போகாதுங்கிறது பலருக்குத் தெரியும். தூரம் 60 மீட்டரா இருந்தாலும் கட்டடத்துக்குக் கட்டடம் செம்புக் கேபிள் இழுக்காதீங்கன்னுதான் நான் சொல்வேன். ரெண்டு கட்டடத்துக்கும் தனித்தனி ஈபி சர்வீஸ், தனித்தனி எர்த் இருக்கும். ரெண்டு எர்த்தும் ஒரே அளவுல இருக்காது. பக்கத்துல எங்கேயாவது இடி விழுந்தா அந்த வித்தியாசம் எல்லாம் உங்க கேபிள் வழியா ஓடும்; ரெண்டு முனையிலயும் சுவிட்ச் கருகும். ஃபைபர் கண்ணாடி இழை. அதுல ஒளி போகும், கரண்ட் போகாது. இரும்புக் கவசம் போட்ட ஃபைபரா இருந்தா அந்தக் கவசத்துக்கு மட்டும் முறையா எர்த் பண்ணணும்.

ரெண்டாவது, நடுவுல ரோடோ அடுத்தவங்க இடமோ இருக்கு. ஆனா மொட்டை மாடியில ஏறி நின்னா நம்ம இன்னொரு யூனிட் கண்ணுக்குத் தெரியுது. மாநகராட்சி ரோட்டைத் தோண்டவோ குறுக்கே கம்பி இழுக்கவோ அனுமதி வேணும். ஈபி கம்பத்துல கட்டி இழுத்தா என்னைக்காவது யாராவது அறுத்து விடுவாங்க. இந்த இடத்துலதான் ரேடியோ இணைப்பு அருமையா வேலை செய்யும்.

மூணாவது, பல கிலோமீட்டர் தூரம், அல்லது கண்ணுக்கே தெரியாத இடம், அல்லது வேற ஒருத்தரோட ஜாப் ஒர்க் யூனிட். இங்கே ரேடியோவுக்குப் போராட வேண்டாம். ரெண்டு பக்கமும் இணைய இணைப்பு எடுத்து, நடுவுல விபிஎன் போட்டுக்கோங்க. ஜாப் ஒர்க் பண்றவருக்கு உங்க நெட்வொர்க்கே தேவையில்லை. சலான் பதிவு பண்ண ஒரு லாகின் கொடுத்தா போதும்.

மாடியில மாட்டுறதுக்கு முன்னாடி

ரெண்டாவது வகையை விரிவாப் பார்ப்போம். ரெண்டு மாடியிலயும் ஒவ்வொரு டிஷ் அல்லது பேனல் ஆன்டெனா. ஒன்னை ஒன்னு பார்த்தபடி இருக்கணும். இதை பிரிட்ஜ்னு சொல்றோம்.

"எதிர்க் கட்டடம் தெரியுதுங்க, போதுமுல்ல?"ன்னு கேட்பாங்க. போதாது. ரேடியோ அலை நூல் பிடிச்ச மாதிரி நேர்கோட்டுல மட்டும் போறதில்லை. ஸ்பின்னிங்ல நூல் சுத்தின கதிர் இருக்கு பாருங்க, ரெண்டு முனையிலயும் கூம்பி நடுவுல பருத்திருக்கும். அலைக்கும் அந்த வடிவத்துல இடம் வேணும். இதுக்கு ஃப்ரெனல் மண்டலம்னு பேர். 5.8 கிகாஹெர்ட்ஸ்ல 300 மீட்டர் தூரத்துக்கு நடுப்பகுதியில அதோட ஆரம் சுமார் 2 மீட்டர். ஒரு கிலோமீட்டருக்கு சுமார் 3.6 மீட்டர். இதுல குறைஞ்சது 60 சதவீதம் தடையில்லாம இருக்கணும். அதாவது ஒரு கிலோமீட்டர் இணைப்புக்கு, நடு வழியில பார்வைக் கோட்டைச் சுத்தி எல்லாப் பக்கமும் 2 மீட்டருக்கு மேல காலியா இருக்கணும்.

மாடியில நின்னு என்னென்ன பார்க்கணும்? பக்கத்து மாடித் தண்ணித் தொட்டி. பாய்லர் புகைபோக்கி. விளம்பரப் பலகை. முக்கியமா மரம். தென்னை மட்டை காத்துல ஆடி ஆடி மறைக்கும். அதனால இணைப்பு வரும், போகும், காரணமே பிடிபடாது. வேப்பமரம் இலை உதிர்ந்த நேரத்துல வழி விட்டிருக்கும், அப்புறம் தழைச்சு நிக்கும். ஈர இலை அலையை நல்லாவே உறிஞ்சும். அப்புறம், எதிர் வரிசையில யாராவது பில்லர் கம்பியை மேல நீட்டி விட்டு வெச்சிருக்காங்களான்னு பாருங்க. அங்கே இன்னொரு மாடி ஏறப்போகுதுன்னு அர்த்தம்.

சட்டம் என்ன சொல்லுது?

இந்த அலைவரிசைக்கு லைசென்ஸ் வேணுமான்னு கேட்பாங்க. 2.4 கிகாஹெர்ட்ஸை மத்திய அரசு 2005-லயே லைசென்ஸ் தேவையில்லைன்னு திறந்து விட்டது. 5 கிகாஹெர்ட்ஸ்ல 2018 அக்டோபர் அறிவிப்புதான் பெரிய திருப்பம். 5150-5350, 5470-5725, 5725-5875 மெகாஹெர்ட்ஸ், மொத்தம் 605 மெகாஹெர்ட்ஸ், கட்டடத்துக்கு வெளியேயும் பயன்படுத்தலாம்னு ஆச்சு. மாடிக்கு மாடி இணைப்பு போடுறவங்களுக்கு இதுதான் அடிப்படை.

அதுக்காக எவ்வளவு சத்தமா வேணும்னாலும் கத்தலாம்னு இல்லை. 5.8 கிகாஹெர்ட்ஸ் பகுதியில ஆன்டெனாவோட குவிப்பையும் சேர்த்து 4 வாட் வரைக்கும்தான். 23 டிபிஐ டிஷ் சக்தியை ஒரே திசையில ஏறக்குறைய 200 மடங்கு குவிக்கும். அப்போ ரேடியோ 20 மில்லிவாட் கொடுத்தாலே 4 வாட் ஆயிடுது. கருவியில நாட்டின் பெயரை "இந்தியா"ன்னு சரியா வெச்சா இந்தக் கணக்கை அதுவே பார்த்துக்கும். அதை மாத்தி வெச்சு பவரைக் கூட்டுறது சட்டப்படியும் தப்பு, அக்கம்பக்கத்து இணைப்பையும் கெடுக்கும். கருவிக்கு மத்திய அரசின் டபிள்யூபிசி பிரிவு தர்ற வகை ஒப்புதல் இருக்கான்னு பில்லோட கேட்டு வாங்குங்க. அதே மாதிரி, உங்க இணைப்பை உங்க யூனிட்டுகளுக்குள்ள பயன்படுத்துங்க. பக்கத்துக் கம்பெனிக்குப் பிரிச்சு விக்கிறது வேற தொழில். அதுக்கு உரிமம் தனி.

இன்னொன்னு, சேனல் அகலம். 5725-5875ங்கிறது 150 மெகாஹெர்ட்ஸ் இடம். 80 மெகாஹெர்ட்ஸ் அகலத்துல ஓட்டினா ஒருத்தர்தான் நிம்மதியா ஓட்ட முடியும். 20-ல ஓட்டினா ஏழு பேருக்கு இடம் இருக்கு. ஒவ்வொரு மாடியிலயும் டிஷ் முளைச்ச தெருவுல அகலமான சேனல் வேகத்தைக் கூட்டாது, இரைச்சலைத்தான் கூட்டும். 20 அல்லது 40 மெகாஹெர்ட்ஸ்ல நிறுத்திக்கோங்க. உங்க தேவைக்கு அது தாராளம்.

மாட்டி முடிச்சதும் சிக்னல் அளவைக் கேட்டு எழுதி வாங்குங்க. ஒரு கிலோமீட்டர், ரெண்டு பக்கமும் 23 டிபிஐ டிஷ், முழு 4 வாட்னா கணக்குப்படி மைனஸ் 49 டிபிஎம் வரணும். மைனஸ் 53 வந்தா பரவாயில்லை. மைனஸ் 68 வந்தா டிஷ் திசை தப்பியிருக்கு, இல்லைன்னா நடுவுல ஏதோ மறைக்குது. "வேலை செய்யுதுல்ல"ன்னு விட்டுட்டா ஆடி மாசம் பதில் சொல்லும்.

ஷெட்டுக்குள்ள

இணைப்பு மாடிக்கு வந்தாச்சு. இனி உள்ளே கொடுக்கணும். கட்டடத்துக்குக் கட்டடம் நிலைமை மாறும்.

தகர ஷீட் கூரையும் இரும்பு ரேக்கும் அலையைத் திருப்பி அடிக்கும். குடோன்ல அடுக்கின துணி ரோல் அலையை மட்டுப்படுத்தும். ஈரம் இருந்தா இன்னும் அதிகமா. ரேக் காலியா இருக்கும்போது சோதிச்சுப் பார்த்துட்டு "எல்லா மூலையிலயும் வருது"ன்னு கையெழுத்துப் போட்டா, சரக்கு வந்து நிறைஞ்ச பிறகு பாதி மூலையில வராது. சோதனையை சரக்கு நிறைஞ்ச நாள்ல செய்யணும்.

தையல் ஷெட்ல பவர் டேபிளுக்கு மேல லைட் தொங்குற இரும்புச் சட்டம் வரிசையா இருக்கும். ஆக்சஸ் பாயின்டை அதுக்கு மேல கூரையில ஒட்டிட்டா கீழே நிழல் விழும். சட்டத்தின் மட்டத்துக்கோ அதுக்குக் கீழேயோ இறக்குங்க. ஒன்னைப் பெரிய பவர்ல வைக்கிறதை விட மூணைக் குறைஞ்ச பவர்ல பிரிச்சு வைக்கிறது நல்லது. 2.4 கிகாஹெர்ட்ஸ்ல ஒன்னோட ஒன்னு மோதாத சேனல் மூணுதான்: 1, 6, 11. அதை மாத்தி மாத்திக் கொடுங்க. 5 கிகாஹெர்ட்ஸ் வாங்குற போன், டேப்லெட்டை அதுக்கு மாத்திடுங்க. பழைய ஸ்கேனர்கள் மட்டும் 2.4-ல இருக்கட்டும்.

நிட்டிங்ல பஞ்சு. விசிறி வெச்ச சுவிட்ச் அங்கே வேண்டாம். பஞ்சு அடைச்சு சூடாகிச் சாகும். விசிறி இல்லாததா வாங்கி, மூடின பெட்டிக்குள்ள சுவர்ல மாட்டுங்க. பஞ்சை ஊதித் தள்ளுறவங்க கைக்கு எட்டாத உயரத்துல இருக்கட்டும். அயர்னிங் பக்கம் நீராவி. ஆக்சஸ் பாயின்டை நேர் மேலே வைக்காம தள்ளி வைங்க.

முதல்ல கெடுறது ரேடியோ இல்லை

இப்போ இன்றைய பேச்சோட முக்கியமான இடம். இதுக்கு ஒரு நல்ல உதாரணம் நம்ம தமிழ்நாட்டுலயே இருக்கு.

2000-களின் நடுவில், அமெரிக்காவின் பெர்க்லி பல்கலைக்கழக ஆய்வுக் குழுவும் அரவிந்த் கண் மருத்துவமனையும் சேர்ந்து தேனிப் பக்கம் ஒரு வேலை செஞ்சாங்க. தேனி மருத்துவமனையையும் சுத்து ஊர்கள்ல இருந்த கண் பரிசோதனை மையங்களையும், விலை குறைஞ்ச வைஃபை ரேடியோவும் டிஷ் ஆன்டெனாவும் வெச்சு, பல கிலோமீட்டர் தூரத்துக்கு இணைச்சாங்க. கிராமத்துல இருக்கிற நோயாளி வீடியோ வழியா தேனி டாக்டர்கிட்ட பேசினார். சாதாரண வைஃபை விதிமுறை அவ்வளவு தூரத்துக்கு ஒத்து வராது. பதில் வர்ற வரைக்கும் காத்திருக்கும் நேரம் போதாம, அனுப்பினதையே திரும்பத் திரும்ப அனுப்பும். அவங்க அதை மாத்தி, ரெண்டு முனையும் முறை வெச்சுப் பேசுற மாதிரி அமைச்சாங்க. இன்னைக்குக் கடையில கிடைக்கிற பிரிட்ஜ் கருவிகள் பலதுலயும் இதே வழி இருக்கு.

ஆனா 2008-ல் அதே குழு எழுதின கட்டுரை இன்னும் பெரிய பாடம் சொல்லுது. இணைப்பைப் போடுறதை விட அதை உயிரோட வெச்சிருக்கிறதுதான் கஷ்டமா இருந்துச்சு. பழுதுகள்ல பெரும்பாலானவை மின்சாரத்தால வந்தவை. வோல்டேஜ் திடீர்னு எகிறுறது, நீண்ட நேரம் தாழ்ந்து கிடக்கிறது, போய்ப் போய் வர்றது. இதனால கருவி கெடும், இல்லைன்னா பாதியில உறைஞ்சு நிக்கும். அங்கே இருக்கிறவங்களுக்கு என்ன ஆச்சுன்னு சொல்லத் தெரியாது. சரி பண்ணத் தெரிஞ்சவர் வேற ஊர்ல இருப்பார்.

திருப்பூருக்கு இதை அப்படியே பொருத்திப் பாருங்க. கரண்ட் போகும். ஜெனரேட்டர் எடுக்கச் சில நொடி. மிஷின் உடனே ஓடும். ஆனா மாடி ரேடியோ, கீழே சுவிட்ச், ஆபீஸ் ரூட்டர் எல்லாம் அணைஞ்சு எழுந்திருக்க ரெண்டு மூணு நிமிஷம். ஈபி திரும்பி வந்து சேஞ்ச் ஓவர் பண்ணும்போது மறுபடியும் அதே கதை. இதுக்கு மருந்து பெரிசா ஒன்னும் இல்லை. ஒவ்வொரு கட்டடத்துலயும் நெட்வொர்க் பெட்டிக்கு மட்டும் தனியா ஒரு சின்ன யுபிஎஸ். மாடி ரேடியோவுக்கும் அதே பெட்டியில இருந்து நெட்வொர்க் கேபிள் வழியாவே கரண்ட் கொடுத்துடலாம். கேபிள் கட்டடத்துக்குள்ள நுழையுற இடத்துல இடிதாங்கிப் பாதுகாப்பு. கம்பத்துக்கு ஒழுங்கான எர்த். டிஷ் வாங்கும்போது இதையும் சேர்த்து வாங்குங்க. தனியா விட்டா "அப்புறம் பார்த்துக்கலாம்"னு போயிடும்.

அடுத்தது, நடு யூனிட். ஆபீஸ்ல இருந்து பேக்கிங் நேராத் தெரியலைன்னு செக்கிங் மாடி வழியா இணைப்பைத் திருப்பியிருப்பாங்க. ஞாயித்துக்கிழமை செக்கிங்குக்கு லீவு. சூப்பர்வைசர் பொறுப்பானவர்; மெயினை ஆஃப் பண்ணிட்டுப் பூட்டிட்டுப் போவார். பேக்கிங்ல ஷிப்மென்ட் வேலை நடக்கும், நெட்வொர்க் செத்துக் கிடக்கும். அதனால நடு யூனிட் நெட்வொர்க் பெட்டிக்கு மெயின் சுவிட்சுக்கு முன்னாடியே தனி இணைப்பு வேணும். அதை உங்க எலக்ட்ரீஷியன் முறைப்படி பண்ணணும். அந்த சுவிட்ச் மேல "இதை அணைக்காதீங்க"ன்னு தமிழ்லயும் இந்தியிலயும் எழுதி ஒட்டுங்க.

மூணாவது, ஆடிக் காத்து. பாலக்காட்டுக் கணவாய் வழியா வர்ற காத்துலதான் பல்லடம், உடுமலைப் பக்கம் காத்தாலை சுத்துது. அதே காத்து உங்க மாடிக் கம்பத்தையும் விடாது. 23 டிபிஐ டிஷ்ஷோட பார்வை ஏறக்குறைய 10 டிகிரி அகலம்தான். கம்பம் கொஞ்சம் திரும்பினாலும் சிக்னல் விழும். மெல்லிசுக் குழாயைத் தண்ணித் தொட்டி மேல கட்டி வைக்காதீங்க. சுவர்ல ரெண்டு இடத்துல பிடிச்ச கனமான குழாய், தேவைப்பட்டா மூணு பக்கம் இழுகம்பி. வைகாசி கடைசியில ஒரு தடவை மாடி ஏறி நட்டு எல்லாம் இறுக்கி, எழுதி வெச்ச சிக்னல் அளவோட ஒப்பிட்டுப் பாருங்க.

இணைப்பு போனாலும் வேலை நிக்கக் கூடாது

எவ்வளவு நல்லாப் போட்டாலும் என்னைக்காவது ஒரு நாள் இணைப்பு போகும். அந்த நாள்ல என்ன நடக்கும்னு இப்பவே முடிவு பண்ணணும். சாஃப்ட்வேர் வாங்கும்போது விற்கிறவர்கிட்ட ஒரே கேள்வி கேளுங்க: "கேபிளைப் பிடுங்கிட்டு நூறு பண்டல் ஸ்கேன் பண்றேன். அப்புறம் கேபிளைச் சொருகினா நூறும் வருமா? ஒன்னுகூட ரெண்டு தடவை ஏறாம வருமா?" வாயால பதில் வாங்காதீங்க. உங்க ஷெட்ல, உங்க கண்ணு முன்னால செஞ்சு காட்டச் சொல்லுங்க. டெய்லரோட அன்றாடக் கூலி மாடியில இருக்கிற ஒரு டிஷ்ஷை நம்பி இருக்கக் கூடாது. சீட்டோட அடிக்கட்டை கையில இருக்கிற பழைய முறையையும் சில மாசம் சேர்த்தே ஓட்டுங்க.

நேயர் கேள்விகள்

*அஞ்சு கிலோமீட்டர் தள்ளி ஒரு யூனிட். நேரா டிஷ் வெச்சு இணைக்கலாமா?*

ரேடியோவுக்கு அது பெரிய தூரமே இல்லை. தேனியில அதை விட அதிகத் தூரத்துக்கும் போட்டாங்க. ஆனா நடுவுல சுத்திலும் 5 மீட்டர் அளவுக்குக் காலி இடம் வேணும். ஊருக்குள்ள அதுக்கு டவரே கட்ட வேண்டி வரும். ரெண்டு பக்கமும் இணைய இணைப்பு, நடுவுல விபிஎன். செலவும் குறைவு, தலைவலியும் குறைவு.

*4ஜி, 5ஜி சிம் போட்ட ரூட்டர் போதாதா?*

மாற்று வழியா வெச்சுக்க அருமை. பிரிட்ஜ் போனா தானா அதுக்கு மாறுற மாதிரி அமைக்கலாம். அதையே முதல் வழியா நம்பினா, ஒரே டவர்ல ஷிப்ட் முடியுற நேரத்துல எல்லாரும் போன் எடுக்கும்போது திணறும்.

*ஹாஸ்டல்ல தங்கியிருக்கிறவங்க கம்பெனி வைஃபை பாஸ்வேர்டு கேட்கிறாங்க. கொடுக்கலாமா?*

கம்பெனி நெட்வொர்க்கைக் கொடுக்காதீங்க. தனியா ஒன்னு கொடுங்க. கணக்கு, கேமரா, ஸ்கேனர், ஹாஸ்டல், வந்து போறவங்க, எல்லாத்தையும் விலான் போட்டுப் பிரிக்கணும். ஒரே கூட்டமா விட்டா, ஒருத்தர் போன்ல வந்த வைரஸ் கணக்கு கம்ப்யூட்டர் வரைக்கும் போகும். ஒடிசாவுலயும் பீகார்லயும் இருந்து வந்து தங்கி வேலை செய்றவங்களுக்கு ராத்திரி வீட்டுக்குப் பேசுறது எவ்வளவு முக்கியம்னு சொல்ல வேண்டியதில்லை. ஹாஸ்டலுக்குத் தனி இணைப்பே எடுத்துக் கொடுத்துடுங்க. பெரிய செலவு கிடையாது.

*வேலை முடிச்சவர்கிட்ட என்னென்ன வாங்கி வைக்கணும்?*

ஒரு வரைபடம்: எந்த மாடியில எது, எந்தப் பெட்டியில எது, எந்தக் கேபிள் எங்கே போகுது. ஒவ்வொரு கருவிக்கும் பயனர் பெயர், பாஸ்வேர்டு. அது அவரோட போன்ல மட்டும் இருக்கக் கூடாது. மாட்டின அன்னைக்கு இருந்த சிக்னல் அளவு. கருவிகளோட அமைப்பைப் பதிவு செஞ்ச ஃபைல். மாற்றுக்கு ஒரு ரேடியோ, ஒரு சுவிட்ச், ஒரு பவர் அடாப்டர். அப்புறம் உங்க ஆள் ஒருத்தருக்கு அரை நாள் பாடம்: எந்த லைட் எரியணும், எது அணைஞ்சா எதைப் பார்க்கணும், யாரைக் கூப்பிடணும். இந்தக் காகிதக் கட்டு கைக்கு வந்த பிறகு கடைசித் தவணையைக் கொடுங்க.

இன்னைக்கு இவ்வளவுதான். உங்க யூனிட்டுகளோட அமைப்பை ஒரு தாள்ல வரைஞ்சு, தூரம், நடுவுல என்ன இருக்குன்னு எழுதி அனுப்புங்க. பொதுவா எல்லாருக்கும் உதவுற மாதிரி இருக்கிறதை அடுத்து ஒரு எபிசோடுல எடுத்துப் பேசலாம்.